தேவ ஞானத்துக்கும் மனித ஞானத்துக்கும் கிறிஸ்தவம் சொல்லும் வேறுபாடு என்ன?

மனித ஞானம் என்பது படிப்பாலும் அனுபவத்தாலும் நாம் சேர்க்கும் அறிவு. தேவ ஞானம் என்பது கடவுள் மனிதரை மீட்கத் தாமே வகுத்த வழி. அவர் வெளிப்படுத்தினால்தான் அது நமக்குத் தெரியும்.

இந்த வேறுபாட்டை, கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலப் போதகரான பவுல் அழுத்தமாகப் பேசியது கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், ஏறக்குறைய கி.பி. 55-இல். கொரிந்து இரு துறைமுகங்கள் கொண்ட பணக்கார வணிக நகரம். நாவன்மைக்கு அங்கே தனி மதிப்பு. சபைக்குள்ளும் "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி கட்டிக்கொண்டார்கள்; அப்பொல்லோ அங்கே போதித்த இன்னொருவர். அவர்கள் முன் பவுல் வைத்தது சிலுவையை. ரோமர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்லப் பயன்படுத்திய மரம் அது. அதில் தொங்கியவரே உலகின் மீட்பர் என்பது யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம். வலிமையும் புகழும்தான் வெற்றி என்று அளக்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். கடவுளோ தம்மையே தாழ்த்திக்கொடுத்து வென்றார் என்கிறார் பவுல். எனக்கு அந்தக் கடிதத்தின் உயிரே இதுதான்.

விவசாயம் அறியாத ஒருவர், விதைநெல்லைச் சேற்றில் வீசுவதைப் பார்த்தால் வீண் என்பார். விதைப்பவருக்கு அறுவடை தெரியும்.

இதனால் கிறிஸ்தவம் கல்வியை வெறுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பவுலே எருசலேமில் கமாலியேல் என்ற யூத வேத ஆசிரியரிடம் கற்றவர், ஏதென்ஸில் கிரேக்கக் கவிஞர்களை மேற்கோள் காட்டிப் பேசியவர். அவர் கண்டித்தது அறிவைப் பற்றிய பெருமையை.