கோடை விடுமுறையில் கிடைமாட்டுக் குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கும்?

மதுரைப் பக்கத்தில் புலிகுளம் என்ற நாட்டு இன மாடுகளைக் கிடையாக, அதாவது மந்தையாக வயல்களில் அடைத்து வளர்க்கும் எங்களைப் போன்ற வீடுகளில், விடுமுறைக்கு வரும் பிள்ளையின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக இரவெல்லாம் அடைத்திருந்த மாடுகளிடம் முதலில் கன்றுகளை ஊட்டவிட வேண்டும். இந்த இனத்தில் பால் குறைவு என்பதால் பெரும்பாலும் கன்றுக்கே விட்டுவிடுகிறோம். பெரியவர்கள் மாடுகளை மேய்ச்சலுக்குப் பத்திச் சென்றபின், இளங்கன்றுகளுக்குக் காவலாக நிற்கும் பிள்ளை, அவற்றின் காது மடலுக்குள்ளும் வாலடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். பொறுமையைக் கேட்கும் வேலை இது.

சித்திரை வெயிலில் கண்மாய் வற்றிவிடுவதால், பம்புசெட்டுத் தொட்டிக்கு மாடுகளை முட்டிக்கொள்ளாமல் சிறு சிறு கூட்டமாக விட்டுத் தண்ணீர் காட்டுவதுதான் மிகக் கடினம். பொழுது சாய்ந்ததும், சாணமும் கோமியமும் வயலெங்கும் சீராகப் பரவ, கிடையை வயலில் அடுத்த இடத்துக்கு மாற்றுவார்கள்.