தார்ச்சாலை விரிசலை அடைப்பது எதற்காக?

விரிசல் அடைப்பு என்பது, தார்ச்சாலையில் விழுந்த பிளவைச் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த தாரைச் சூடாக்கி அதற்குள் ஊற்றி மூடுவது.

முக்கியக் காரணம் தண்ணீர். வெயிலிலும் காற்றிலும் தார் நாளடைவில் இறுகி, இழுபடும் தன்மையை இழக்கிறது. குளிரில் சுருங்கும்போது பிளக்கிறது. பிளவு வழியே இறங்கும் நீர் அடியிலுள்ள ஜல்லிப் படுகையை இளக்கிவிடும். அதன்மேல் வண்டிகள் ஏறியிறங்க, மேல்தளம் அமுங்கிக் குழியாகிறது. மொட்டைமாடி வெடிப்பை அப்படியே விட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்குமே, அதுபோல.

தார் ஊற்றுவதைவிடச் சுத்தம் செய்வதில்தான் கவனம் வேண்டும் என்பேன். தூசியோ ஈரமோ மிஞ்சியிருந்தால் எந்தக் கலவையும் ஒட்டாமல் உரிந்துவரும்.

அடைத்துவிட்டால் சாலை வலுவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நீரைத்தான் தடுக்கும், வலைப்பின்னலாக வெடித்த இடத்தைத் தோண்டியெடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.