‘எலிப் பாலுக்கா ஒரு படிப்பு?’

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீங்கள், உங்கள் கணவர், அவருடைய அண்ணன் என்று மூன்று பேர், உங்கள் பெண்ணை என்ன படிக்கவைக்கலாம் என்று என்னிடம் வந்து பேசினீர்கள். அவளும் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரத்தில் அவள் பேசியது இரண்டே வாக்கியம். “சுண்டெலியோட மரபணுவை மாத்தி, அதோட பால்ல என்ன மாறுது, குட்டி எப்படி வளருதுன்னு பாக்கறாங்க. எனக்கு அதைப் படிக்கணும்.” பெரியப்பா சிரித்துவிட்டார். “எலிப் பாலுக்கா ஒரு படிப்பு?” என்றார். அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று சொல்லித்தான் அன்று உங்களை அனுப்பினேன். வீட்டுக்குப் போன பிறகு அது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இப்போது நேராகவே சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைத்து அந்த மருத்துவக் கல்லூரி இடத்தை வாங்காதீர்கள்.

நோயாளிகளோடு நாள் முழுக்க இருக்கப் பிடிக்குமா என்று அவளைக் கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்றாள். கடன் வாங்கிப் படித்தவர் தொழில் பிடிக்கவில்லை என்றாலும் கடன் தீரும்வரை அதை விட முடியாது. அவள் இளமை முழுக்க அதற்கே போய்விடும். ‘குடும்பத்தில் ஒரு டாக்டர்’ என்று பெரியப்பா சொல்கிறார். தவணை கட்டப்போவது அவர் இல்லையே.

மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல், கணினி, அரசுத் தேர்வு என்று ஒரு வரிசை இருக்கிறது. அதைச் சொல்ல உங்களுக்கு ஆள் நிறைய இருப்பார்கள். நான் பெரியப்பா சிரித்த விஷயத்தைத்தான் பேசப்போகிறேன்.

தாய்ப்பாலில் எந்தச் சத்து எதற்காக இருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரான வழி, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுக் குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. மனிதக் குழந்தையிடம் யாரும் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சுண்டெலியிடம் செய்யலாம். ஏறக்குறைய 20 நாள் கர்ப்பம், அப்புறம் மூன்று வாரம் பால்குடி. குட்டி பிறக்கும்போது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். தோல் அவ்வளவு மெல்லியது என்பதால், பால் குடித்த குட்டியின் வயிற்றில் வெள்ளையாக ஒரு பட்டை வெளியிலிருந்தே தெரியும். குட்டிக்குப் பால் போய்ச் சேர்ந்ததா என்று முதல் நாளே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

1990களில் பாலில் உள்ள ஆல்ஃபா-லாக்டால்புமின் என்ற புரதத்துக்கான மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் பால் சர்க்கரையான லாக்டோஸ் உருவாகாது. பாலுக்குள் தண்ணீரை இழுத்து வைப்பது லாக்டோஸ்தான் என்பதால் பால் கெட்டியாகிப்போனது, குட்டிகளால் உறிஞ்ச முடியவில்லை. அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்ததும் பால் பழையபடி ஆனது. 1996இல், பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்காத சுண்டெலிகள் வந்தன. பிரசவமே நின்றுவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். பிரசவம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் மடியில் பால் இருந்தும் இறங்கவில்லை, குட்டிகள் ஒரு நாளுக்குள் செத்தன. தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் பால் இறங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது துத்தநாகக் கதை. இயற்கையாகவே மரபணு பிறழ்ந்த ஒரு சுண்டெலி வகை உண்டு. அதன் பாலைக் குடித்த குட்டிகள் பால்குடி மறக்கும் முன்பே இறந்துவிடும். வேறு தாயிடம் விட்டால் பிழைத்துக்கொள்ளும். பாலுக்குள் துத்தநாகத்தைக் கொண்டு சேர்க்கும் ஒரு புரதம் பழுதாகியிருப்பதுதான் காரணம் என்று 1997இல் தெரிந்தது. மனிதரிலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சில குழந்தைகளுக்குத் துத்தநாகக் குறைவால் தோலில் புண் வருவதுண்டு. அப்படிப்பட்ட சில தாய்மாரைச் சோதித்தபோது பழுது அதே மரபணுவில் இல்லை, அதன் உறவுக்கார மரபணு ஒன்றில் இருந்தது. சுண்டெலி தெருவைக் காட்டியது, வீட்டு எண்ணை மனிதரிடம்தான் தேட வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்குத் தேவை. சுண்டெலிப் பாலில் புரதம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், மனிதப் பாலில் ஒரு சதவீதம்தான். சுண்டெலியில் கண்டதை அப்படியே குழந்தையின் பால்புட்டிக்குக் கொண்டுபோக முடியாது.

குட்டிகளைத் தாய் மாற்றி வளர்ப்பதுதான் இந்தத் துறையின் மூளை என்பேன். நல்ல தாயின் குட்டியைக் குறையுள்ள தாயிடமும், அவளுடைய குட்டியை நல்ல தாயிடமும் விடுவார்கள். கோளாறு கருப்பையில் வந்ததா, பாலில் வந்ததா, குட்டியின் சொந்த மரபணுவில் இருக்கிறதா என்று பிரிந்து தெரியும். இது புதிதும் இல்லை. மார்பகப் புற்றுநோய் அதிகம் வரும் சுண்டெலி வம்சத்துக் குட்டிகளை வேறு தாயிடம் பால் குடிக்கவிட்டால் அந்த நோய் வெகுவாகக் குறைகிறது என்று ஜான் பிட்னர் என்பவர் 1936இலேயே காட்டினார். பால் வழியாக வந்தது ஒரு வைரஸ் என்று பின்னால் தெரிந்தது. 2004இல் வந்த ‘ஃபேட்-1’ சுண்டெலிக்குள் ஒரு புழுவின் மரபணு இருக்கிறது. ஒமேகா-6 கொழுப்பை அது தானே ஒமேகா-3 ஆக மாற்றிக்கொள்ளும். ஒரே தீனி தின்னும் இரண்டு தாய்களுக்கு வெவ்வேறு கொழுப்புள்ள பால் என்றால், குட்டியின் மூளை வளர்ச்சியைப் பற்றி எத்தனை கேள்வி கேட்கலாம், யோசித்துப் பாருங்கள். உங்கள் பெண் ஏற்கெனவே யோசித்துவிட்டாள், என் முன்னால் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். நீங்கள் அப்போது வெளியே தொலைபேசியில் இருந்தீர்கள்.

சரி, வேலை என்ன? நுண்ணோக்கியின் கீழ் கருவுற்ற முட்டைக்குள் ஊசியால் மரபணுப் பொருளைச் செலுத்தி, அதை வாடகைத் தாய்ச் சுண்டெலிக்குள் வைப்பதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் உண்டு. கை நடுங்கக் கூடாது, பொறுமை வேண்டும். சுண்டெலிக் கூட்டத்தைத் திட்டமிட்டு வளர்ப்பது இன்னொரு வேலை. மரபணு ஒவ்வொன்றுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி உண்டு. ஒரு பிரதி மட்டும் பழுதான பெற்றோர் இருவரைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிதான் முழுக்க மரபணு நீங்கியதாகப் பிறக்கும். அப்படி 20 குட்டி வேண்டுமென்றால் சுமார் 80 குட்டி பிறக்க வேண்டும். ஈற்றுக்கு ஏழு குட்டி என்று வைத்தாலும் பதினொன்று, பன்னிரண்டு ஈற்று. எத்தனை கூண்டு, எந்தத் தேதியில் இணை சேர்ப்பது, மீதிக் குட்டிகளை என்ன செய்வது? இதைச் சரியாகக் கணக்கிடத் தெரியாத ஆய்வுக்கூடம் பணத்தையும் வீணாக்கும், உயிரையும் வீணாக்கும். ஒவ்வொரு தாயிடமும் குட்டிகளின் எண்ணிக்கையைச் சமமாக்கவும் வேண்டும். நான்கு குட்டி குடிக்கும் மடியும் பத்து குட்டி குடிக்கும் மடியும் ஒன்றில்லை. சுண்டெலியிடம் பால் கறக்கவும் ஆள் வேண்டும்: குட்டிகளைச் சில மணி நேரம் பிரித்து, தாயை மயக்கி, ஆக்ஸிடோசின் கொடுத்து, மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள். அரை மில்லி கிடைத்தாலே நல்ல நாள். அப்புறம் அந்தப் பாலைப் பகுப்பாய்வு செய்யும் வேதியியலாளர், தரவைப் படிக்கும் புள்ளியியலாளர், விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் எல்லாரும் உண்டு. ஆய்வு மையங்கள், மருந்து நிறுவனங்கள், குழந்தை உணவு ஆராய்ச்சி என்று இவர்களுக்கு இடம் பல.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளநிலைக்கு உயிரியல், உயிர்வேதியியல், கால்நடை மருத்துவம் எதுவானாலும் கடன் இல்லாமல் கட்டக்கூடிய கல்லூரியில் சேருங்கள். பாடத்தின் பெயரிலேயே ‘மரபணு’, ‘நவீன’ என்று பளபளப்பாக எழுதிக் கட்டணத்தை ஏற்றியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி பெற்ற விலங்குக் கூடம் இருக்கிறதா, புள்ளியியலை ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்களா என்ற இரண்டு கேள்வி போதும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராத இடத்தில் சேர வேண்டாம். கைக்காசு போட்டு ஆராய்ச்சி செய்யக் கூடாது.

அவளிடமும் சில கடினமான கேள்விகள் கேட்பேன். இந்த வேலையில் விலங்குகளைக் கொல்ல வேண்டியிருக்கும். வலி குறைக்க, எண்ணிக்கை குறைக்க, முடிந்தால் விலங்கே வேண்டாம் என்று மாற்று வழி தேட 1959இலிருந்தே எழுதப்பட்ட நெறிகள் இருக்கின்றன. அப்படியும் அது கொலைதான். அவளால் முடியாது என்றால் பால் வேதியியல், தரவுப் பக்கம் போகலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. சுண்டெலியின் சிறுநீரில் உள்ள புரதத்தால் ஒவ்வாமை வருவது இந்த வேலையில் சகஜம். ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டிகள் ஞாயிற்றுக்கிழமையும் பிறக்கும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

ஏதாவது ஒரு விலங்குக் கூடத்தில் இரண்டு வாரம் கூண்டு சுத்தம் செய்யவாவது இடம் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். அந்த வாடையைத் தாண்டியும் அவள் மறுபடி போக வேண்டும் என்று சொன்னால், மேலே பேசலாம்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். திங்கட்கிழமை அவளை அனுப்புங்கள், தனியாக.