தெரியாதவரிடம் பிட்காயின் வாங்கும்போது யார் முதலில் அனுப்புவது?

விற்பவர்தான், ஆனால் உங்களுக்கல்ல, எஸ்க்ரோவுக்கு, அதாவது வியாபாரம் முடியும்வரை காயினைப் பிடித்து வைக்கும் நடுவருக்கு. காயின் அங்கே வந்ததை பிளாக் எக்ஸ்புளோரரில் (பிட்காயின் பரிவர்த்தனைகளைக் காட்டும் இணையதளம்) நீங்களே பாருங்கள். பிட்காயின் நெட்வொர்க்கின் 6 உறுதிப்படுத்தல் வரை, சுமார் 1 மணி நேரம், பொறுத்துப் பணம் அனுப்புங்கள். விற்பவர் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், தன் வங்கிக் கணக்கைத் திறந்து தொகையையும் அனுப்பியவர் பெயரையும் பார்த்த பிறகே காயினை விடுவிக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் திருட்டுப் பணமாக இருக்கலாம். வங்கி அதைப் பின்னால் முடக்கலாம், காயினோ திரும்பாது.

பெரும்பாலும் காலை வாருவது போலி எஸ்க்ரோதான். எதிராளி தரும் லிங்க்கைத் தொடாதீர்கள்; டெலிகிராமில் நடுவர் பெயரில் ஆங்கிலச் சிறிய எல்லுக்கு (l) பதில் பெரிய ஐ (I) இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பெரிய தொகைக்கு 2/3 மல்டிசிக் நல்லது: வாங்குபவர், விற்பவர், நடுவர் ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் மூன்று சாவியில் இரண்டு சேர்ந்தால்தான் காயின் நகரும், நடுவர் தனியாகச் சுருட்ட முடியாது. நடுவரும் எதிராளியும் கூட்டு என்றால் அதுவும் வீண். அதனால் நடுவரை நீங்களும் தனியாக விசாரியுங்கள்.