டிசி யார் பையில் இருந்தது?

வணக்கம்ங்க அண்ணா,

திருப்பூரில் 11 வருடமாகச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். 38 மிஷின். கட்டிங் மாஸ்டர், இரண்டு சூப்பர்வைசர், ஒரு மேனேஜர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஆனாலும் நூல்கண்டு வாங்குவதிலிருந்து லோடு ஏற்றுவது வரை நான் சொன்னால்தான் நடக்கும்.

போன வைகாசியில் மாமனார் காரியத்துக்காக மூன்று நாள் ஊரில் இல்லை. மேனேஜரை நம்பி முழுதாக விட்டுவிட்டுப் போனேன். அவர் தனித்தனியாகச் சாயம் போட்டு வந்த இரண்டு டையிங் லாட் துணியை ஒரே லேயில், அதாவது ஒரே அடுக்காக விரித்துப் போட்டு வெட்டவிட்டார். தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, உடம்பு ஒரு பிங்க், கை ஒரு பிங்க். 600 பீஸ் போச்சு. லாட் நம்பர் எழுதிய டிசி (துணியோடு டையிங்காரர் அனுப்பும் டெலிவரி சலான்) என் பையில்தான் இருந்தது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று நாளும் போன் அடித்துக்கொண்டே இருந்தது, இதைத் தவிர எல்லாம் கேட்டார்கள்.

அன்றிலிருந்து பழையபடி எல்லாம் நானே. பெரிய ஆர்டர் வந்தால் சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வருகிறது. "நீங்க இல்லாம கம்பெனி ஓடாதுன்னு உங்களுக்கு உள்ளூரப் பெருமைதான்" என்கிறார்கள் வீட்டில். ஆள் சரியில்லையா, நான் சரியில்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் சொன்னதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த டிசி.

துணி இரண்டு லாட்டாக வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. ரோலைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். வெளிர் பிங்க்கில் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்கூடச் சில சமயம் தெரியாது, வெயிலில் பிடித்தால்தான் தெரியும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆக, வெட்டுகிற வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு வேண்டிய தகவலைப் பையில் போட்டுக்கொண்டு காரியத்துக்குப் போயிருக்கிறீர்கள். "கேட்டிருக்கலாமே" என்கிறீர்கள். இருப்பதே தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கு எப்படித் தோன்றும்?

நானும் இதையேதான் செய்தேன். எழுத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தேன். பேப்பர் வாங்கும் பொறுப்பை ஃபோர்மேனிடம் கொடுத்தேன். ஒரு தடவை மேப்லித்தோ பேப்பருக்கு ரீமுக்கு 15 ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார் என்று, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே கடைக்குப் போன் போட்டுப் பேசி 300 ரூபாய் குறைத்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. அடுத்த வாரம் அவர் கடைக்குப் போனால், "முதலாளியைப் பேசச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அச்சகத்தை மூடும் வரைக்கும் பேப்பர் நான்தான் வாங்கினேன். அந்த 300 ரூபாய்க்கு நான் கொடுத்த விலை அது.

செட்டிநாட்டுக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வட்டிக்கடைகள். வெளியே நின்ற கடன் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததாக அன்றைய அரசின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கடையில் உட்கார்ந்து கடன் கொடுத்தது பெரும்பாலும் முதலாளி இல்லை. முதலாளி காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் இருப்பார். கடையில் இருந்தது சம்பளத்துக்குப் போன ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்கு. கையில் பவர் பத்திரம். சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கு. யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரை நெருக்குவது, யாரை விட்டுப்பிடிப்பது எல்லாம் அவர் முடிவு. தந்தி இருந்தது. ஆனால் பெகு பக்கத்தில் ஒரு விவசாயி நெல்லுக்கு முன்பணம் கேட்டு வாசலில் நிற்கும்போது காரைக்குடிக்குத் தந்தி கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடவில்லை. அந்த ஏஜெண்டு சின்னப் பையனாகப் பெட்டியடியில் எடுபிடியாக உட்கார்ந்து, பிறகு ஏஜெண்டுக்கு உதவியாக அடுத்தாளாக இருந்து, கணக்கெழுதிக் கணக்கெழுதி மேலே வந்தவர். ஊருக்குக் கடிதமும் கணக்கும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். மூன்று வருடம் முடிந்தால் அடுத்து வருகிறவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். சொந்த சாதி, ஒரே கோயில், கொண்டான் கொடுத்தான் என்ற கட்டுப்பாடும் பின்னால் இருந்தது. அது உங்களுக்கு இல்லை, இருக்கவும் வேண்டாம். அந்த வட்டிக்கடைகளைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கமும் கிடையாது. உலகமே நொடித்த 1930-களில் கடன் திரும்பாமல், பர்மா விவசாயிகளின் நிலம் அவர்கள் பேரில் வந்து சேர்ந்த கதை நல்ல கதை இல்லை. ஆனால் வேலையை விட்டுக்கொடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் கடல் இருந்ததால் முதலாளி பாதியில் கையை உள்ளே விட முடியவில்லை. உங்கள் சட்டைப்பையில் போன் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்காதீர்கள். வைகாசியில் செய்த தப்பு அதுதான். 11 வருடம் எதையுமே விடாமல் இருந்துவிட்டு, மூன்று நாளில் மொத்தத்தையும் விட்டீர்கள். ஒன்றே ஒன்றை முழுசாகக் கொடுங்கள். துணி உள்ளே வருவதிலிருந்து கட்டிங் டேபிளுக்குப் போவது வரை மேனேஜர் பொறுப்பு. டையிங்காரர் டிசி அவர் கைக்குத்தான் வர வேண்டும், உங்கள் கைக்கு அல்ல. லாட் நம்பரை ரோலில் எழுதுவதும் அவர், சந்தேகம் வந்தால் வெட்டாமல் நிறுத்துவதும் அவர். அப்படி நிறுத்தி அரை நாள் வேலை கெட்டால் அவரைத் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த தடவை வெட்டிவிடுவார்.

நூல், ஊசி, பாலிபேக், மிஷின் ரிப்பேருக்கு ஒரு தொகை சொல்லிவிடுங்கள். 5,000 என்றால் 5,000. அதற்குள் உங்களைக் கேட்கக்கூடாது. கேட்கலாம் என்று இல்லை, கேட்கக்கூடாது. சாயங்காலம் ஒரே ஒரு தாள்: இன்று எத்தனை பீஸ், என்ன செலவு, நாளைக்கு எது தடைப்படும். அதைப் படியுங்கள். நடுவில் போன் போட்டு எட்டிப் பார்க்காதீர்கள். டெய்லர் யாராவது நேராக உங்களிடம் வந்தால், "மேனேஜரைக் கேட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். முதல் மாதம் இதுதான் கஷ்டம், வாயில் பதில் தயாராக நிற்கும்.

பையரிடம் விலை பேசுவது, ஷிப்மெண்ட் தேதிக்கு வாக்குக் கொடுப்பது, பேங்க் இந்த மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் சொன்னதற்கு வருகிறேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. என் விஷயத்தில் அது உண்மையாக இருந்தது. போன் அடிக்காத நாளில் எனக்கு லேசாக வருத்தம் வரும்.

துணிப் பொறுப்பைக் கொடுப்பதற்கு முன்னால் மேனேஜரை உட்கார வைத்து அந்த 600 பீஸைப் பற்றி இன்னொரு முறை பேசுங்கள். டிசி என் பையில் இருந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது இன்னும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.