பழைய பள்ளிக்கூடத்தை மாற்றிக் கட்டிய ஃப்ளாட்டை வாங்கலாமா?

லண்டனில் அப்படி ஒரு ஃப்ளாட் பார்த்திருப்பதாகவும், குடியிருக்கச் சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஜன்னலையும் சுவரையும் நன்றாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹாக்னி பக்கம் அப்படி ஒரு ஃப்ளாட்டில்தான் நாங்கள் ஆறு வருஷமாக இருக்கிறோம்.

1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு லண்டன் பள்ளி வாரியம் பேட்டைக்குப் பேட்டை எழுப்பிய செங்கல் பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. அடுக்கு மாடியில் கீழே சின்னப் பிள்ளைகள், நடுவில் பெண்கள், உச்சியில் பையன்கள். வாசலும் தனித்தனி. நாங்கள் தினம் நுழையும் வாசலின் மேல் இன்றும் 'கேர்ள்ஸ்' என்று கல்லில் செதுக்கியிருக்கிறது.

வாரியத்தின் கட்டடக் கலைஞர் ராப்சன் இவற்றுக்குப் பெரிய பெரிய ஜன்னல்களை வைத்தார். பிள்ளைகளின் வீடுகளோ நெருக்கடியான சந்துகளில். பள்ளியிலாவது வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் அல்லவா? வீடாக மாற்றும்போது முதலில் அடிபடுவது அந்த ஜன்னல்தான். உயரமான வகுப்பறையின் நடுவே ஒரு தளம் போட்டு இரண்டாக்கிவிடுவார்கள். கீழ் அறையில் ஜன்னல் மார்பளவில் தொடங்கிக் கூரையில் முட்டி நிற்கும். மேல் அறையில் தரையிலிருந்தே கிளம்பும். நாங்கள் முதலில் பார்த்த ஃப்ளாட் அப்படித்தான், மனசே வரவில்லை. இப்போதைய வீட்டில் தளத்தை ஜன்னலுக்கு நாலடி முன்பே நிறுத்திப் பரண் மாதிரி விட்டிருக்கிறார்கள். காலை வெயில் கடைசிச் சுவர்வரை வரும். குளிர்காலத்தில் ஹீட்டிங் பில் கூடுதல்தான், மறைக்கவில்லை.

சுவரைத் தட்டிப் பாருங்கள். பழைய செங்கல் சுவர் என்றால் அந்தப் பக்கம் கல்யாணமே நடந்தாலும் கேட்காது. புதிதாகப் போட்ட தடுப்பு 'டொக் டொக்' என்றால் பக்கத்து வீட்டு டிவியோடு சேர்ந்துதான் நீங்கள் தூங்க வேண்டும். வெளிச்சுவரில் செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அந்தக் காலச் சுவர் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்தால் ஈரம் உள்ளே இறங்கும்.

அப்புறம், பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் ஜன்னலை மாற்றக்கூட கவுன்சில் அனுமதி வேண்டும். மீறினால் குற்றம்.

எங்கள் நடைவழியில் இடுப்பு உயரத்தில் பழைய இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன, பிள்ளைகள் கோட் மாட்டியவை. பெயிண்ட் அடித்தவர்கள் கழற்றவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மூன்றாவது கொக்கியில் என் மகள் ஸ்கூல் பையை மாட்டுகிறாள்.