சேத்தியாத்தோப்பிலிருந்து குறுக்கு வழி உண்டா?

கேள்வி: ஐயா, தைப்பூசத்துக்கு வடலூர் போய், அப்படியே விருத்தாசலம் பழமலைநாதரையும் கும்பிட்டு வர நினைக்கிறோம். போன வழியிலேயே திரும்பாமல் வர முடியுமா? மேப்பில் சேத்தியாத்தோப்புக்கும் மந்தாரக்குப்பத்துக்கும் நடுவே பெரிய சாலை எதுவும் இல்லை. பழுப்பாக ஒரு திட்டுதான் தெரிகிறது. அது என்ன?
– வாசகி, கோட்டையூர்

பதில்: அது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், ஆச்சி. நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்குமே, வெளியாள் பின்தெருவுக்குப் போக வீட்டையே சுற்றி வரவேண்டும். அங்கேயும் அப்படித்தான். வடக்கே கடலூர்–விருத்தாசலம் சாலை, தெற்கே பரங்கிப்பேட்டை–விருத்தாசலம் மாநில நெடுஞ்சாலை. சுரங்கத்தின் பெரும்பகுதி இவற்றுக்கு நடுவில் கிடக்கிறது.

இப்படி இரண்டு பக்கமும் சாலை இருப்பது உங்களுக்கு வசதிதான், ஒன்றில் போய் மற்றதில் திரும்பலாம். திருமயத்தில் ஏறினால் புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், சேத்தியாத்தோப்பு என்று வடலூர் வரை ஒரே நெடுஞ்சாலை, எண் 36. தருமச்சாலையில் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வடலூர் நாற்சந்தியில் மேற்கே திரும்பினால் மந்தாரக்குப்பம், பிறகு விருத்தாசலம். திரும்பும்போது கம்மாபுரம் வழியாகச் சேத்தியாத்தோப்புக்கு வந்துவிடலாம்.

குறுக்கே ஏன் சாலை போடவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். சாலைப் பணியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அது திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அள்ளவேண்டும். அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துவதால் ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது. நிலக்கரி எடுத்த பள்ளத்தை அதே மண்ணால் மூடுகிறார்கள், சரி. ஆனால் கொட்டிய மண் வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். லாரி ஓடும் சாலையை அதன்மேல் போட எந்தப் பொறியாளரும் லேசில் கையெழுத்துப் போடமாட்டார். நிலக்கரி இருக்கும் இடத்தில் போட்டாலோ, சுரங்கம் நகர்ந்து வரும்போது சாலையைப் பெயர்க்கவேண்டும்.

எனக்கு மனம் ஆறாதது ஊர்ச் சாலைகளை நினைத்துத்தான். நெடுஞ்சாலையை நகர்த்தினால் மாற்றுச் சாலை போட்டுத் தருவார்கள். வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன வண்டிப்பாதை, ஊரோடு சேர்ந்து போய்விடுகிறது. கம்மாபுரம் சாலையில் வளையமாதேவி வரும். 2023 ஜூலையில் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வரவிருந்த நெல்வயலில் இயந்திரத்தை இறக்கினார்களே, அந்த ஊர்தான். நிலத்துக்குப் பணம் முன்பே கொடுத்தாயிற்று என்றார்கள். இருக்கட்டும், அறுவடை வரை பொறுத்திருக்கலாம். நெல்லை மிதித்து நடக்கவே கூசுகிறவர்கள் நாம்.

அந்தப் பக்கம் பகலில் வாருங்கள். மேப் சந்து பொந்துக்குள் திருப்பச் சொன்னால் திரும்பாதீர்கள், அதில் காட்டும் சில பாதைகள் இப்போது இல்லை. டீக்கடையில் நிறுத்திக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.